தங்க மூட்டுக்குக் கடன் வாங்கும் முன்...



மயிலாப்பூர், அடையாறு பகுதிக் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது, முழங்கால் மூட்டு மாற்ற கடன் கேட்கும் அம்மாக்களைப் பார்க்கிறோம். "சாதா மூட்டு வேணாம், தங்க மூட்டு போட்டா ஆயுசுக்கும் உழைக்குமாம். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுங்க" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அந்த மூட்டில் தங்கம் எங்கே இருக்கிறது?

துளியும் இல்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கும் கவரிங் வளையலிலாவது மேலே கொஞ்சம் தங்க முலாம் இருக்கும். இதில் அதுவும் கிடையாது. உள்ளே பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை. மேலே தலைமுடியைவிட மெல்லிய டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அந்தப் பூச்சின் இயல்பான நிறமே தங்க நிறம்தான்.

பூச்சு எதற்கு?

கவரிங் கம்மல் போட்டால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகுதே, அதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். கோபால்ட் குரோமியத்திலும் சிறிதளவு நிக்கல் உண்டு. அது உடம்பில் கசிவதைப் பூச்சு குறைக்கிறது. ஆனால் காது அரித்தால் மூட்டும் ஒத்துக்காது என்று அர்த்தமில்லை. அரிப்பு வருமென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

இன்னொரு பூச்சு ஹைட்ராக்சி அபடைட். நம் எலும்பில் உள்ள அதே வகைத் தாதுப்பொருள். சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுகளில் பூசுவார்கள். எலும்பு அதோடு ஒட்டி வளரும். முழங்காலைப் பெரும்பாலும் எலும்பு சிமெண்ட் வைத்தே பொருத்துகிறார்கள்.

அதிக நாள் உழைக்குமா?

சாதாரண மூட்டைவிடத் தங்க நிற மூட்டு அதிக ஆண்டு உழைக்கும் என்பது இதுவரை தெளிவாக நிரூபணமாகவில்லை. சாதாரண மூட்டே பெரும்பாலானவர்களுக்கு 15 ஆண்டுக்கு மேல் உழைக்கிறது.

விலை என்ன?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய் ஆனது. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய். வரி தனி. இன்றைய உச்ச விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை:

1. எனக்கு இந்தப் பூச்சு ஏன் தேவை?
2. சாதாரண மூட்டு வைத்தால் என்ன குறை?
3. பில்லில் மூட்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் தனியாக இருக்கிறதா? அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், கடன் மனு எழுதும் முன் அரசு மருத்துவமனை எலும்பு சிகிச்சைப் பிரிவில் விசாரியுங்கள்.

கடன் கேட்ட உறுப்பினர் மறுவாரம் மகளோடு போய் இந்தக் கேள்விகளைக் கேட்டார். "உங்களுக்கு அலர்ஜி எதுவும் இல்லம்மா, சாதாரண மூட்டே போதும்" என்றார் டாக்டர். கூடுதல் கடன் தேவைப்படவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.