உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்குள்ளே பூஞ்சை ராஜ்ஜியம்!

நாம் ருசித்துச் சாப்பிடும் சிப்பிக் காளான், தென்னை நார்க்கழிவை ருசித்துச் சாப்பிடும்! கயிற்றுத் தொழிற்சாலை வாசலில் மலையாய்க் குவிந்து, மழை பெய்தும் மக்காமல் கிடக்குமே, அதே கழிவுதான்! கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு இது: 1 டன் கழிவுக்கு 5 புட்டி காளான் விதை, 5 கிலோ யூரியா. ஈரம் காயாமல் தெளித்துவந்தால் போதும். 112 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்று இருந்தது, 24-க்கு 1 ஆகிவிடும்!

அந்த மக்கு உரம் தன் எடையைப்போல் 5 மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும்!

எருக்குழியில் ஈரம் சரியா? மீட்டரே வேண்டாம்! ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம்தான் 50 முதல் 60 சதவீதம்!

குழியின் நடுவே சூடு 60 டிகிரி செல்சியஸைத் தொடும்! களை விதையெல்லாம் காலி. ஆனால் 50 டிகிரியில்தான் குஷியாக வளரும் பூஞ்சைகளும் உண்டு!

தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும் என்றா நினைத்தீர்கள்? உளுந்தின் வேரை அழுகவைக்கும் மேக்ரோபோமினா பூஞ்சைக்குக் காய்ந்த மண்ணும் கொளுத்தும் வெயிலும்தான் கொண்டாட்டம்! நாற்றங்காலைச் சாய்க்கும் பித்தியம் நேர் எதிர். ஈரம் கண்டால் அதன் வித்துகள் நீந்தியே வேரைத் தேடி வரும். ஒவ்வொன்றுக்கும் 2 வால்! இன்னொரு அதிர்ச்சி: பித்தியம் பூஞ்சையே இல்லை!

எதிரியை விழுங்கும் பூஞ்சையும் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. டிரைகோடெர்மா விரிடி! 1 கிலோ விதைக்கு வெறும் 4 கிராம்! வயலில் போட 1 ஹெக்டேருக்கு 2.5 கிலோ போதும்; கூடவே 50 கிலோ தொழு உரம்!

வேர் உட்பூசணம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெலிந்த இழை! வேர் எட்டாத இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் மணிச்சத்தை இழுத்துவரும். கூலி? செடி சமைக்கும் சர்க்கரையில் 20 சதவீதம் வரை! முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு போன்றவை இந்தக் கூட்டணிக்கு வரவே வராது!

இந்தக் கூட்டணிக்கு வயது என்ன? ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்துப் பாறையில், செடிக்குள் இதே பூஞ்சை அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது! அப்போது உலகத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. அட, அந்தச் செடிக்கு வேரே கிடையாது!