தாழ்ச்சியில் விளங்கும் வளர்ச்சி

கொழும்பிலிருந்து மலைநாட்டை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையைச் சென்றடைந்தது. பண்டாரவளை, எல்ல, தெமோதரை, உடுவரை, ஹாலிஎல என்னும் நிலையங்கள் அப்பாதையின் கடைசிப் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இவற்றுள் தெமோதரையில் பாதை போடப்பட்ட விதம் விந்தையானது. நிலையத்தை விட்டு நீங்கும் தண்டவாளம் ஹாலிஎலவை நோக்கி நேரே இறங்குவதில்லை. அது ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, விட்டுவந்த நிலையத்தின் பக்கமே திரும்பி, அந்நிலையத்துக்கு நேர் கீழே குடைந்த சுரங்கத்துட் புகுந்து வெளிப்படுகிறது. சரிவு மிகக் கடுமையாதலின், பொறியியலாளர் இவ்வுபாயத்தைக் கையாண்டனர். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டே இந்த எண்ணம் பிறந்தது என்று செவிவழிக் கதை ஒன்றும் வழங்குகின்றது.

புதிதாக அவ்வழி வரும் பயணி, வண்டி பின்னோக்கிப் போகிறதோ என்று ஐயுறுவான். மேலே நின்ற நிலையம் மீண்டும் கண்ணிற் படும்போது, இதுவரை வந்ததெல்லாம் வீணோ என்றும் எண்ணுவான். உண்மையில் அவன் சேரவேண்டிய ஊரை நெருங்கிக்கொண்டிருக்கிறான். இறங்குவதே அங்கு முன்னேற்றம். கிறிஸ்தவ ஆன்மிக வாழ்வின் வளர்ச்சியை அறிந்துகொள்ள முயல்வோருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

பாடசாலையிலே வளர்ச்சியை அறிவது எளிது. ஆண்டு முடிவில் பரீட்சை நடக்கிறது. தேறிய மாணவன் மேல்வகுப்புக்கு ஏறுகிறான். அவன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதை அவனும் அறிவான், அயலாரும் அறிவர். ஆன்மிக வாழ்விலும் இத்தகைய வகுப்புகள் உண்டா? உண்டு என்றே முன்னோர் கண்டனர். சைவ நெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளை வகுத்தமை தமிழ் நேயர்கள் அறிந்ததே. கிறிஸ்தவ மரபும் படிகளைப் பேசுகிறது. பவுல் அடிகள் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது, பாலுண்ணும் குழந்தைகளையும் திட உணவு கொள்ளும் பெரியோரையும் உவமையாகக் காட்டினார். பிற்காலத்து ஞானியர் தூய்மை பெறும் வழி, ஒளி பெறும் வழி, இறைவனோடு ஒன்றிக்கும் வழி என மூன்றாக வகுத்தனர். அவிலா நகரத் தெரேசம்மாள் 1577ஆம் ஆண்டில் எழுதிய நூலில், மனித ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட ஒரு கோட்டையாகச் சித்திரித்தார்.

எனினும் பாடசாலை வகுப்புக்கும் ஆன்மிகப் படிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பாடசாலையில் மேலே ஏறியவன் தான் ஏறியதை உணர்கிறான். ஆன்மிக வாழ்விலோ, தான் உயர்ந்துவிட்டதாக ஒருவன் உணர்வதே அவன் இன்னும் தொடக்கத்தில் நிற்பதன் அடையாளமாகலாம்.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் புனித பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டிலே வாழ்ந்த அவர், தம் துறவியருக்கென ஓர் ஒழுங்குநூல் வகுத்தார். அதன் ஏழாம் அதிகாரம் தாழ்ச்சியின் பன்னிரண்டு படிகளை விரிக்கின்றது. யாக்கோபு கனவிற் கண்ட ஏணியைச் சுட்டி, செருக்கினால் மனிதன் அதில் இறங்குகிறான், தாழ்ச்சியினால் ஏறுகிறான் என்பது அவர் தரும் விளக்கம். இறையச்சத்தை எப்போதும் மறவாதிருத்தல் முதற்படி. தன் விருப்பத்தைப் பெரிதெனக் கொள்ளாமை, துன்பம் வந்தபோது பொறுமை காத்தல், அடக்கமாகப் பேசுதல் முதலியன பின்வரும் படிகளிற் சில. பன்னிரண்டையும் கடந்தவன் எங்கே சேருகிறான்? அச்சத்தை அகற்றும் நிறைவான அன்பைச் சேருகிறான். முன்பு தண்டனைக்கு அஞ்சிச் செய்த நன்மைகளை இப்போது அன்பினால், இயல்பாகவே செய்கிறான். அச்சத்திலிருந்து அன்புக்குச் செல்லும் இப்பயணமே வளர்ச்சியின் உட்பொருள்.

இனி, ஒவ்வொரு படியையும் இனங்காண்பது எங்ஙனம் என்று நோக்குவோம்.

தொடக்க நிலையில் இருப்பவரிடம் ஆர்வம் மிகுந்திருக்கும். செபத்தில் இன்பம் உண்டாகும். ஆலயத்துக்குச் செல்வது மகிழ்ச்சி தரும். கேட்ட வரம் கிடைத்தால் விசுவாசம் பெருகும், கிடைக்காவிடில் தளரும். இந்த ஆர்வம் இகழத்தக்கதன்று. குழந்தைக்குப் பால் வேண்டும். ஆயினும் இந்நிலைக்கு உரிய ஆபத்து ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த சிலுவை யோவான் என்னும் ஞானி அதை நுட்பமாக எடுத்துக் காட்டினார். தொடக்க நிலையினர் தம் பக்தியைத் தாமே மெச்சிக்கொள்வர். தம்மைப்போலச் செபிக்காதவரைக் குறைவாக எண்ணுவர். கேட்டுக் கற்பதைவிடப் பிறருக்குக் கற்பிக்கவே விரும்புவர். ஆகவே, அயலாரின் பக்தியை அளக்கும் பழக்கம் எவரிடம் காணப்படுகிறதோ, அவர் எத்தனை ஆண்டுகள் ஆலயப்படி மிதித்தவராயினும் இன்னும் பாலுண்ணும் பருவத்தினரே.

அடுத்து வருவது வறட்சியின் காலம். முன்பிருந்த இன்பம் மறைகிறது. செபிக்க உட்கார்ந்தால் மனம் கல்லாக இருக்கிறது. பலர் தளர்ந்து போவது இங்கேதான். விசுவாசம் செத்துவிட்டது என்று எண்ணி வழியை விட்டே விலகிவிடுவோரும் உண்டு. இதனாலேயே இந்நிலையைச் சரியாக இனங்காண்பது இன்றியமையாதது. சிலுவை யோவான் இதற்கு மூன்று அடையாளங்கள் தருகின்றார். இறைவனுக்குரியவற்றில் இன்பம் இல்லை, ஆனால் உலகப் பொருள்களிலும் இன்பம் இல்லை என்பது ஒன்று. இறைவனுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே, பின்வாங்கிவிட்டோமே என்ற கவலை உள்ளத்தை வருத்திக்கொண்டிருப்பது இரண்டாவது. முன்போலக் கற்பனையைச் செலுத்தித் தியானிக்க எவ்வளவு முயன்றும் இயலாமற் போவது மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கே இருப்பின், அந்த வறட்சி சோம்பலினாலோ பாவத்தினாலோ வந்ததன்று. வளர்ச்சியின் ஒரு கட்டமே என்பது அவர் துணிவு. உண்மையாகவே விசுவாசத்தைக் கைவிட்டவனுக்கு அதைப்பற்றிய கவலை இராது. கவலைப்படுவதே உயிர் இருப்பதற்குச் சான்று.

ஊவா மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேயிலைச் செடி ஒன்றே போதும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். நேற்றுவரை பச்சைப் பசேலெனக் கொழுந்து தந்த மலை, இன்று வெறுங்குச்சிகள் நிறைந்த மலையாகிவிடுகிறது. அறியாதவர் அதைப் பார்த்தால் அழிவு என்பர். தொழிலாளி அவ்வாறு சொல்லமாட்டார். வெட்டாமல் விட்டால் செடி மரமாக ஓங்கும், பூக்கும், காய்க்கும், கொழுந்து குறையும். கொழுந்துக்காக வளர்க்கும் செடிக்கு உயரம் ஒரு பெருமையன்று. கவ்வாத்துக்கு முன் வேரின் ஒரு துண்டை வெட்டி, அயடின் இட்டுச் சோதிப்பதும் உண்டு. வேரில் மாச்சத்து போதிய அளவு இருந்தால் அது கருநீலமாகும். அந்தச் சேமிப்பைக் கொண்டுதான் வெட்டுண்ட செடி மீண்டும் தளிர்க்கிறது. கனி தரும் கொடி மேலும் கனி தரும்படி கழிக்கப்படும் என்று யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் கிறிஸ்து கூறியதும் இக்கருத்தையே. ஆர்வமிக்க நாட்களில் வேரிற் சேர்ந்ததே வறண்ட நாட்களில் ஆன்மாவைத் தாங்குகிறது.

மூன்றாவது நிலை அன்பின் நிலை. இதனை இனங்காண அற்புதக் காட்சிகளைத் தேடவேண்டியதில்லை. ஏழாம் உறைவிடத்தை வருணித்த தெரேசம்மாள்கூட, அங்கு விளையவேண்டியவை நற்செயல்களே என்று வற்புறுத்தினார். இயேசுவின் பாதத்தில் அமர்ந்த மரியாளும் பணிவிடை செய்த மார்த்தாளும் அங்கே ஒருங்கு சேரவேண்டும் என்பது அவர் கருத்து. இந்நிலையினரின் செபம் எளிமையாகிறது, பேச்சுக் குறைகிறது, பிறர் துயர் தம் துயராகிறது. தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்ற கேள்வியே அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தாழ்ச்சியைப் போதிக்கும்போது, அது யாருக்கு, எதற்காகப் போதிக்கப்படுகிறது என்று கேட்கவேண்டும். லயத்தின் ஒற்றை அறையில் வாழ்ந்து, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் எச்சத்தைச் சுமந்த ஒரு சமூகத்தைப் பார்த்து, தாழ்ந்திருப்பதே புண்ணியம் என்று கூறுவது நற்செய்தியாகாது. பிறரால் அழுத்தப்பட்டுக் கிடப்பது வேறு; அன்பினால் தானே இறங்கி வருவது வேறு. முன்னது அநீதி; அது நீக்கப்படவேண்டும். பின்னதே தாழ்ச்சி. மேலே இருப்பவன் கீழே இறங்குவதும், கீழே கிடப்பவன் தலைநிமிர்வதும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

இதற்கு எடுத்துக்காட்டு ஊவாவிலேயே உண்டு. லியோ நாணயக்கார என்பவர் புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவி. அவர் 1959ஆம் ஆண்டிலிருந்து கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தார். 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பௌத்த கிராமங்களும், இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்த பகுதி அது, கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர், வசதிகளும் சொற்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்த கண்டி ஆசனத்தை விட்டு, அவர் பதுளையின் முதல் ஆயராக வந்தார். பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்னும் குருமடத்தைத் தோற்றுவித்தார். பணியாளரின் நிழல் என்பது அப்பெயரின் பொருள். மக்களின் நடுவே வாழ்ந்து, அவர்கள் வாழ்க்கையை அறிந்து குருக்கள் உருவாகவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1982ஆம் ஆண்டில் மறையும்வரை பதுளையே அவருடைய பணிக்களமாயிருந்தது. உலகின் கணக்கில் இது இறக்கம். பெனடிக்டின் ஏணிக் கணக்கில் இது ஏற்றம் என்பதில் ஐயமில்லை.

இவ்வடையாளங்களையெல்லாம் அறிந்துகொள்வதன் பயன் யாது? பிறரை எடைபோடுவதற்கு இவை தரப்படவில்லை. தளர்ந்தவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவும், செருக்குற்றவர் தம்மைத் திருத்திக்கொள்ளவுமே இவை உதவவேண்டும். அன்றியும் இப்படிகள் ஒரே நேர்கோட்டில் வருவன அல்ல. முதிர்ந்தவருக்கும் வறட்சி வரும்; வறண்டவருக்கும் குழந்தையின் மகிழ்ச்சி மீண்டும் வரும். மாற்கு நற்செய்தியில் கிறிஸ்து கூறிய உவமையில், விதைத்தவன் இரவில் உறங்கிப் பகலில் எழுகிறான். அவன் அறியாமலே விதை முளைத்து, பயிராகி, கதிராகி, மணியாகிறது. நாற்று வேரூன்றிவிட்டதா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவன் அதை வளரவிடமாட்டான். தன் ஆன்மாவை ஓயாமல் அளந்துகொண்டிருப்பவனும் அத்தகையவனே.

அளக்கத்தான் வேண்டுமெனில் ஒரே ஓர் அளவுகோல் போதும். கடந்த ஆண்டைவிட இவ்வாண்டு அயலானிடம் பொறுமை கூடியிருக்கிறதா? மன்னிப்பது சற்றேனும் எளிதாகியிருக்கிறதா? பக்கத்து லயத்தில் நோயுற்றுக் கிடப்பவர் எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் கால்கள் அங்கே செல்கின்றனவா? ஆம் என்ற விடை கிடைத்தால் வளர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, உள்ளத்தில் இன்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தெமோதரையின் வளைவிலே, விட்டுவந்த நிலையத்தை அண்ணாந்து பார்த்து மனந்தளரும் பயணிக்குச் சொல்லவேண்டியதும் இதுவே. பாதை தவறவில்லை. முன்னே இருண்ட சுரங்கம் இருக்கிறது. அதற்கு அப்பால் ஹாலிஎல இருக்கிறது.