உஷார்! மெயில் சேவரின் ‘வைட்லிஸ்ட்’டை இன்றைக்கே திறந்து பாருங்கள்

கொச்சிக்கடையில் கிளியரிங் கந்தோர் நடத்துகிறவர்களுக்கும், செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்களுக்கும், புறக்கோட்டையில் பருப்பும் செத்தல் மிளகாயும் இறக்குகிறவர்களுக்கும் இதை அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கொம்பனிப் பெயரில் சொந்தமாக மெயில் சேவர் ஓடுகிறதா? அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை இன்றைக்கே கூப்பிட்டு ஒரேயொரு கேள்வி கேளுங்கள். “வைட்லிஸ்டில் யார் யார் இருக்கிறார்கள்?” சோதிக்காமல் உள்ளே விட வேண்டியவர்கள் என்று அவர் வாசித்துக் காட்டும் பட்டியலில் உங்கள் கொம்பனியின் சொந்த டொமைனும் இருந்தால், உங்கள் முகத்தையே முகமூடியாகச் செய்து திருடன் கையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அண்மையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு கிளியரிங் கந்தோருக்குப் போயிருந்தேன். கப்பல் கொம்பனி அனுப்பிய அரைவல் நோட்டிஸ் ஒன்று ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கொள்கலன் துறைமுகத்தில் கிடந்தது, இலவச நாட்கள் முடிந்தன, டெமரேஜ் ஏறியது. முதலாளிக்கு வந்த கோபத்தில் பிழை சொல்ல முடியாது. “இனி ஒரு மெயிலும் மறிபடக் கூடாது” என்று சத்தம் போட்டார். சேவரைப் பார்க்கும் தம்பி பயந்துபோய், அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள அத்தனை டொமைன்களையும் வைட்லிஸ்டில் போட்டுவிட்டார். கந்தோருக்குள்ளே ஒருவருக்கொருவர் அனுப்பும் மெயிலும் ஒருதரம் ஸ்பாமுக்குப் போயிருந்ததாம். அதனால் கடைசி வரியாகச் சொந்த டொமைனையும் சேர்த்தார். அன்று மாலையே பிரச்சினை தீர்ந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம் தருகிறது.

அங்கே ஓடுவது ஸ்பாம்அசாசின். 2001 இல் ஜஸ்டின் மேசன் என்பவர் தொடங்கிய வடிகட்டி அது. சிறிய கந்தோர்களின் லினக்ஸ் சேவர்களில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்துப் புள்ளி போடும். கூட்டுத்தொகை 5 ஐத் தொட்டால் ஸ்பாம் என்று குறிக்கும். இனி வைட்லிஸ்டின் கணக்கைப் பாருங்கள். ‘வைட்லிஸ்ட் ஃப்ரம்’ என்று ஒரு வரி எழுதினால், அந்த முகவரியில் வரும் மெயிலுக்குக் கழித்தல் 100 புள்ளி. 5 புள்ளியில் பிடிக்க வேண்டிய வடிகட்டியிடம் 100 புள்ளியைக் கழித்துக் கொடுத்தால் அது எதைப் பிடிக்கும்? உள்ளே எந்தக் கள்ள லிங்க் இருந்தாலும் கை கட்டிக்கொண்டு வழி விடும்.

அனுப்பியவர் முகவரியை யாரும் எதுவாகவும் எழுதலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. மெயில் அனுப்பும் விதிமுறையை 1982 இல் ஜொன் போஸ்டல் எழுதியபோது, வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சியாளர்கள். கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிய அனுப்புநர் பெயரை யாரும் சரிபார்ப்பதில்லையே, அதே மாதிரித்தான் அன்று அமைந்தது. ‘வைட்லிஸ்ட் ஃப்ரம்’ அந்த உறையின் பின்பக்கத்தைத்தான் வாசிக்கிறது. உங்கள் முதலாளியின் முகவரியை எழுதி யார் அனுப்பினாலும் அது முதலாளியின் மெயில்தான்.

இதே ஸ்பாம்அசாசினில் ‘வைட்லிஸ்ட் ஓத்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. நான்காம் பதிப்பிலிருந்து ‘வெல்கம்லிஸ்ட் ஓத்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அது முகவரியோடு நிற்காது. எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால் மட்டுமே சலுகை தரும். எஸ்பிஎஃப் என்பது ‘எங்கள் பெயரில் இந்த இந்தச் சேவர்கள்தான் அனுப்பலாம்’ என்று டொமைன்காரர் டிஎன்எஸ் எனும் இணையப் பெயர் அட்டவணையில் எழுதி வைக்கும் அறிவித்தல். டிகேஐஎம் என்பது மெயிலில் இடப்படும் கணினிக் கையொப்பம். ஆளைத் தெரிந்தாலும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடும் முறை இது. ஒரு சொல் வித்தியாசந்தான். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போன நாட்கள் நமக்கு நினைவிருக்கும். நாற்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும் அம்மாவும் திறந்து காட்டினார். “என்னைத் தெரியாதா?” என்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. ஏன் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெயில் விஷயத்தில் மட்டும் ஏன் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சோதனையைக் கைவிடுகிறோம்?

நம்மைப் போன்ற சின்னக் கந்தோரை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அனுப்புகிற கூட்டம் கந்தோரின் அளவைப் பார்ப்பதில்லை. பெரிய இடமே எப்படி விழுந்தது என்று பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பை ரான்சம்வெயார் தாக்கியது. சுமார் 5000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதில் அடக்கம். அதே அமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்களுக்கு வேறு பிரதி இல்லை. நூறு நாட்களின் அரசாங்கக் கடிதங்கள் போயே போய்விட்டன. அதற்கு முந்தைய வாரங்களில் சந்தேகமான லிங்க்குகள் மெயிலில் வந்துகொண்டிருந்தன என்றும், யாரோ ஒருவர் தட்டியிருக்கலாம் என்றும் அப்போது செய்திகள் வந்தன. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது. 2021 இலிருந்து புதுப்பிக்க நினைத்தும் நிதி இல்லாததால் தள்ளிப்போனது என்று அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையமான ஐசிடிஏ சொன்னது. ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 2 கோடி டொலர் கொழும்புக்கு வரப் பார்த்தது, நினைவிருக்கிறதா? பெறுநரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் திருடர்கள் எழுத்துப் பிழையோடு எழுதியதால் இடையில் இருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்து, அந்தத் தொகை தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டொலர் அப்படித் தப்பவில்லை. அந்தத் திருட்டின் முதல் படி என்ன தெரியுமா? ஒரு வருடத்துக்கு முன்பே வங்கி ஊழியர்களுக்கு வந்த மெயில்கள். வேலை கேட்டு, சுயவிபரம் இணைத்திருப்பதாகச் சொல்லும் பணிவான மெயில்கள்.

ஆனால் டெமரேஜ் கட்டியவரின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நல்ல மெயில் ஏன் மறிபடுகிறது? இதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லாததால்தான் கதவையே கழற்றி வைக்கிறார்கள். மறிபட்ட மெயிலின் தலைப்பகுதியைத் திறந்தால், எந்த விதிக்கு எத்தனை புள்ளி விழுந்தது என்று வடிகட்டியே எழுதி வைத்திருக்கும். வாசலிலேயே திருப்பி அனுப்பிய மெயில் என்றால் சேவரின் பதிவேடான லொக்கில் காரணம் ஒரு வரியில் இருக்கும். முதலில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். வைட்லிஸ்டில் கை வைப்பது அதற்குப் பிறகு.

நான் அடிக்கடி காண்பது இது. ‘நேற்று வரைக்கும் ஒழுங்காக வந்தது, இன்றைக்கு ஒரு மெயிலும் இல்லை.’ ஸ்பாம்ஹவுஸ் என்ற கறுப்புப் பட்டியலைச் சேவர் டிஎன்எஸ் வழியாகக் கேட்கும். அந்தக் கேள்வி கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியே போனால், ஸ்பாம்ஹவுஸ் பதில் தர மறுத்து 127.255.255.254 என்று ஒரு குறியீட்டைத் திருப்பும். ‘இந்த வழியாகக் கேட்காதே’ என்பது அதன் அர்த்தம். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸில் ‘எந்தப் பதில் வந்தாலும் தடு’ என்று எழுதியிருந்தால், உலகத்தில் உள்ள எல்லோரும் ஸ்பாமர்கள் என்று அது முடிவு கட்டிவிடும். செய்ய வேண்டியது இரண்டு. சேவரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் ஒன்றை வையுங்கள். 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையான பதில் வந்தால் மட்டும் தடுக்கும்படி விதியைத் திருத்துங்கள். பத்து நிமிட வேலை. ஸ்பாம் தடுப்பையே நிறுத்திவிட்டு, இதுதான் வைத்தியம் என்று பில் போட்ட ஆட்களையும் கண்டிருக்கிறேன்.

செத்துப்போன பட்டியல்களும் ஆபத்து. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. பலர் அதைச் சேவரிலிருந்து எடுக்கவே இல்லை. 2008 மார்ச்சில் ஒருநாள் அது கேட்ட எல்லாவற்றுக்கும் ‘ஆம், ஸ்பாம்’ என்று பதில் சொல்லத் தொடங்கியது. சோர்ப்ஸ் என்ற இன்னொரு பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. உங்கள் சேவரில் அந்த வரி இன்னும் இருக்கிறதா?

சிலவேளை பிழை வடிகட்டியிலேயே இருக்கும். ஆண்டு 2010 அல்லது அதற்குப் பிந்திய தேதி என்றால் சந்தேகப்படு என்று ஸ்பாம்அசாசினில் ஒரு பழைய விதி இருந்தது. 2010 ஜனவரி 1 விடிந்ததும், அந்த விதி இருந்த சேவர்களுக்கு வந்த எல்லா மெயிலும் அதில் மாட்டியது. 2022 ஜனவரி 1 இல் எக்ஸ்சேஞ் சேவர்கள் வேறு விதமாக நின்றன. வைரஸ் சோதனையின் பதிப்பு எண் 2201010001 ஆனது. அந்த நிரல் தாங்கக்கூடிய உச்ச எண் 2147483647. மெயில்கள் வரிசையிலேயே தேங்கின. மைக்ரோசொஃப்ட் திருத்தம் தரும்வரை சோதனையை நிறுத்தி வைப்பதே பலருக்கு அவசர வழியாக இருந்தது. அவசரத்துக்கு நிறுத்தியதைத் திரும்பப் போட்டீர்களா என்று இன்றைக்காவது பாருங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள். ரவுட்டரைப் பிழையாக அமைத்தால், வெளியிலிருந்து வரும் எல்லா மெயிலும் 192.168.1.1 இலிருந்து, அதாவது உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருவதுபோல் சேவருக்குத் தோன்றும். போஸ்ட்ஃபிக்ஸ் வீட்டாரை நம்பும். பிறகென்ன, ஊரில் உள்ள ஸ்பாமர் எல்லாம் உங்கள் சேவர் வழியாகத் தள்ளுவான். உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும். நீங்கள் அனுப்பும் நிஜமான இன்வொய்ஸ் எந்த ஊருக்கும் போய்ச் சேராது. லொக்கில் எல்லா இணைப்பும் ஒரே உள்முகவரியிலிருந்து வருவதாகக் கண்டால், அன்றைக்கே சேவரை நிறுத்திவிட்டு ரவுட்டரைத் திருத்துங்கள்.

உங்கள் பெயரில் வெளியே போகும் பொய்யையும் நீங்கள்தான் தடுக்க வேண்டும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் போட்டு, அவற்றின் மேல், சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் அறிவித்தலை வையுங்கள். அதில் ‘நன்’ என்று மட்டும் இருந்தால் அறிக்கை வருமே தவிர எதுவும் தடுக்கப்படாது. சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு ‘குவாரன்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’ என்று ஏற்றுங்கள். எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. பத்து டிஎன்எஸ் தேடலைத் தாண்டினாலும் செல்லாது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன.

இவ்வளவு செய்தும் ஒரு வகைத் திருடன் உள்ளே வருவான். தூத்துக்குடி வியாபாரியின் டொமைனில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அந்தப் போலி டொமைனுக்கு முறையான எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் போட்டு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதுவான். வடிகட்டிக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2023 இல் இத்தகைய வணிக மெயில் மோசடிகளால் முறையிடப்பட்ட இழப்பு மட்டும் 290 கோடி டொலர். கணக்கு இலக்கம் மாறியதாக எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு எடுக்காதீர்கள். உங்கள் பழைய டயரியில் இருக்கும் நம்பருக்கு எடுத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். அப்படியே ஒவ்வொருவரின் மெயில் பெட்டியிலும் வெளியாளுக்குத் தானாக அனுப்பும் ஃபோர்வர்ட் விதி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டைத் திருடியவன் முதலில் வைப்பது அதைத்தான்.

ஜம்பட்டா வீதிக் கந்தோரில் சொந்த டொமைன் வரியை அழித்தேன். மற்ற வரிகளை ‘ஓத்’ ஆக மாற்றினேன். கப்பல் கொம்பனி மெயில் முதலில் ஏன் ஸ்பாமுக்குப் போனது என்று லொக்கைத் தேடினால், அதுவும் பொது டிஎன்எஸ் கோளாறுதான்: ஸ்பாம்ஹவுஸின் மறுப்புப் பதிலுக்கு வடிகட்டி புள்ளி போட்டிருந்தது. திருத்திவிட்டு, முதலாளியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து லொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் மூன்று மெயில்கள் மறிபட்டன. ஒன்று லொத்தர், ஒன்று மருந்து. மூன்றாவது கணக்காளர் தங்கைக்கு வந்தது. அவசரமாக ஒரு கணக்குக்குக் காசு போடச் சொல்லி, “நான் மீட்டிங்கில் இருக்கிறேன், கோல் எடுக்க வேண்டாம்” என்று முதலாளியின் பெயரில், முதலாளியின் முகவரியிலிருந்து. முதலாளி எனக்கு முன்னால் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.