அரைக்க அரைக்க ஒரே சுழி

பொருளும் அதன் ஆடிப் பிம்பமும் போல அமைந்து, எவ்விதம் திருப்பி வைத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத மூலக்கூறு இணைகளைச் சாதாரண முறையில் தொகுத்தால், வலஞ்சுழி வடிவமும் இடஞ்சுழி வடிவமும் சரிபாதியாகவே கிடைக்கின்றன. உருகுநிலையிலும் கரைதிறனிலும் வேறுபடாத இவ்விரண்டையும் பிரிப்பதற்கு வேதியியல் கண்ட மிகப் பழைய வழி படிகமாக்கலாகும்.

1848இல் லூயி பாஸ்டர், சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களுள் சிலவற்றில் மூலையிலுள்ள சிறு முகம் வலப்புறமும் மற்றவற்றில் இடப்புறமும் சாய்ந்திருப்பதைக் கண்டு, அவற்றைக் கையாலேயே இரு குவியல்களாகப் பொறுக்கிக் கரைத்தபோது, அக்கரைசல்கள் தளமுனைவுற்ற ஒளியை எதிரெதிர்த் திசைகளில் திருப்பின. ஏறத்தாழ 27 டிகிரி செல்சியசுக்கு மேல் அவ்வுப்பின் இரு வடிவங்களும் ஒரே படிகத்துக்குள் இணைந்துவிடும் என்பதால், பாரிசின் குளிர்ச்சியும் அக்கண்டுபிடிப்புக்குத் துணைநின்றது எனலாம்.

பாலில் உறைமோர் இடுவதுபோல, கொள்ளளவுக்கு மேல் கரைபொருளைத் தாங்கி நிற்கும் மீதெவிட்டிய கரைசலில் வேண்டிய வடிவத்தின் வித்துப் படிகங்களைத் தூவி, அதையே முதலில் விளைவிக்கும் முறை பின்னர் வந்தது. இரத்த அழுத்த மருந்தான மெத்தில்டோப்பா ஆலைகளில் இவ்வாறே பிரிக்கப்பட்டது.

இவை யாவும் பிரிக்கும் முறைகளே. வேண்டாத பாதி எஞ்சியே நிற்கும். 2005இல் மத்ரித் நகரின் கிறிஸ்டோபல் வியத்மா கண்டதோ முற்றிலும் வேறானது. சோடியம் குளோரேட்டின் அயனிகளுக்கு நீரில் சுழி கிடையாது. படிகமாகும்போதுதான் அவை வலமாகவோ இடமாகவோ அடுக்கப்படுகின்றன. இருவகைப் படிகங்களையும் அவற்றின் தெவிட்டிய கரைசலிலேயே இட்டுக் கண்ணாடி மணிகளால் இடைவிடாது அரைத்தபோது, ஒருவகை முற்றிலும் மறைந்து மற்றதே எஞ்சியது. நுண்ணிய துகள்கள் பெரியவற்றைவிட எளிதில் கரைவதாலும், கரைந்தவை எப்படிகத்திலும் சேரக்கூடியவை என்பதாலும், தற்செயலாக எழும் சிறு மிகுதிகூட அரைக்க அரைக்கப் பெருகி முழுமையடைகிறது.

கரைசலில் ஒரு வடிவம் மற்றொன்றாக மாறக்கூடிய மூலக்கூறுகளுக்கும் இது பொருந்தும் என்பது 2008இல் ஓர் அமினோ அமில வழிப்பொருளைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. பாதிச் சரக்கைக் கழிவாக எண்ணும் பழக்கத்துக்கு இனி நியாயம் குறைவு. எனினும், இரு வடிவங்களும் தனித்தனிப் படிகங்களாகும் சேர்மங்கள் ஏறத்தாழ பத்தில் ஒன்றே என்பதால், தக்க உப்பையோ வழிப்பொருளையோ தேடும் பொறுமையான உழைப்பு தவிர்க்க முடியாதது. அவ்வுழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிட்டவில்லை. இரத்த உறைவைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்தின் முன்பொருளுக்கு அத்தகைய வழிப்பொருள் 2009இல் கிடைத்தது. அங்கு எச்சுழி வெல்ல வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் சேர்க்கும் சிறு மிகுதியே முடிவு செய்கிறது.