ருது ஜாதகமும் எடை அட்டையும்

கோவில்பதாகையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா வீட்டுக்குள் நுழைந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு? என்ன நட்சத்திரம்?" அந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் எழுதிவிடுவார்கள். அடுத்து தாய்மாமன் சீர், உளுந்தங்களி. அதற்கும் அடுத்து, தவறாமல், பாட்டிமார் பேச்சு: "நானெல்லாம் பதினஞ்சு வயசுலதான் உக்காந்தேன். இப்போ அஞ்சாங்கிளாஸ்லயே ஆயிடுது. எல்லாம் பிராய்லர் கோழி பண்ற வேலை."

கோழியை விட்டுவிடலாம். அது ஆறே வாரத்தில் இரண்டு கிலோ தாண்டுவதை விளக்க, தலைமுறை தலைமுறையாகச் செய்த இனத்தேர்வும் தீவனமும் போதும், ஹார்மோன் ஊசி தேவையில்லை. ஆனால் பாட்டி கவனித்தது சரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் பெண்கள் பூப்பெய்தியது பதினாறு, பதினேழு வயதில். இன்று அங்கே பதின்மூன்றை ஒட்டி. இங்கும் வயது இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நல்ல சாப்பாடு, குறைந்த நோய் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஸ்வீடன் கதை அப்படி முடிக்க விடுவதில்லை.

இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு ஸ்வீடனில் வளர்ந்த 107 சிறுமிகளைப் பற்றி உப்சாலா குழந்தை மருத்துவர்கள் 1991-இல் எழுதினார்கள். பலர் போய்ச் சேர்ந்தபோது வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். பால், ரொட்டி, இறைச்சி, மருந்து எல்லாம் கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பதினொன்றரை வயதை ஒட்டியே பூப்பெய்திவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு அப்போது ஏழு வயதுதான் முடிந்திருந்தது. ஸ்வீடன் சிறுமிகளின் சராசரி பதின்மூன்று. இந்தியாவில் வசதியான வீட்டுப் பெண்களுக்கே பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அதாவது இரண்டு நாட்டாரையும் இவர்கள் முந்திவிட்டார்கள்! பின்னர் பெல்ஜியத்திலும் டென்மார்க்கிலும் தத்துப் பிள்ளைகளிடம் இதே போக்கு தெரிந்தது.

சாப்பாடு மட்டுமே காரணமென்றால் ஸ்வீடன் குழந்தைகள் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? வறுமை மட்டும் என்றால் பிந்தியிருக்க வேண்டும்; கடைசிவரை பற்றாக்குறையிலேயே வளரும் சிறுமிகளுக்குத் தாமதமாகத்தான் செய்கிறது. முதலில் பஞ்சம், பிறகு திடீர் மிகுதி என்ற அந்தத் திருப்பத்தைத்தான் உடல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது போலும்.

நம் அங்கன்வாடி எடை அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மாதாமாதம் எடை போட்டு, புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைப்பார்கள். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எடை சரியாக ஏறாத குழந்தைகளைத் தேடிப்பிடித்துச் சத்துணவு கொடுத்தது. குழந்தை எத்தனை கிலோ என்பதோடு நிற்காமல், கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்த்தார்கள். எனக்கு அது இன்றும் வியப்பான யோசனை.

கோடு செங்குத்தாக ஏறினாலும் சேதி உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92-இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஒன்பது மாதத்தில் வேகமாக எடை கூடிய பெண் குழந்தைகள் பன்னிரண்டு வயதுக்குள் பூப்பெய்தும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. மரபணுவின் பங்கு பாதிக்குக் குறையாது. மீதியில் இந்தச் சின்ன வயது எடைக்கும் ஓர் இடம்.

பத்து வருடம் கழித்து வரப்போவதைப் பால் குடிக்கும் குழந்தையின் எடை எப்படித் தொடும்? பருவத்தை இயக்கும் ஹார்மோன்கள் பிறந்த சில மாதங்களிலேயே ஒருமுறை விழித்து வேலை செய்கின்றன. மருத்துவர்கள் அதைக் குட்டிப் பருவம் என்கிறார்கள். பிறகு மூளையின் ஹைப்போதலாமஸ் அந்தக் கடையைச் சாத்திவிட்டுப் பல வருடம் காத்திருக்கிறது. திரும்பத் திறப்பதில் கிஸ்பெப்டின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2003-இல்தான் புரிந்தது. அதன் மரபணுவை அமெரிக்காவின் ஹெர்ஷே ஊரில் கண்டுபிடித்ததால் அவ்வூரின் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டை நினைத்து வைத்த பெயர். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. உடல் கொழுப்பு அனுப்பும் லெப்டின், பானையில் அரிசி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராமல் கடை திறக்காது. சின்ன வயதிலேயே எடை வேகமாக ஏறிய குழந்தைக்குப் பானையும் சீக்கிரம் நிறைகிறது.

நம் குழந்தைகளுக்கு இதில் ஒரு சிக்கல். புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு அளந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. தசை குறைந்திருந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இப்படி மெலிந்து பிறந்த பிள்ளையைக் கொழுகொழுவென்று ஆக்கத்தான் வீடே பிஸ்கட்டும் கையுமாக அலைகிறது. அதற்காகப் பட்டினி போட முடியுமா? முதல் மாதங்களின் எடை மூளைக்கும் உயிருக்கும் வேண்டியது. பிஸ்கட்டைத்தான் நான் குறை சொல்வேன், பாலையும் பருப்புச் சாதத்தையும் அல்ல.

சீக்கிரம் பூப்பெய்துவதற்கு உயரத்திலும் விலை உண்டு. ஈஸ்ட்ரோஜன் முதலில் எலும்பை நீட்டும், பிறகு அதன் வளர்முனைகளை மூடிவிடும். பத்து வயதில் வகுப்பிலேயே உயரமானவள் பதினெட்டில் தோழிகளைவிடக் குட்டையாக நிற்கலாம். ஸ்வீடனில் வளர்ந்த அந்தப் பெண்களின் சராசரி உயரம் 154 செ.மீ.யோடு நின்றது.

எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் உலா இலக்கிய மரபிலும் பேதைப் பருவம் ஏழோடு முடிந்து, எட்டில் பெதும்பை தொடங்குகிறது.

பிரிஸ்டலிலிருந்தே 2007-இல் இன்னொரு முடிவு வந்தது. சீக்கிரம் பூப்பெய்திய தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் வேகமாக எடை கூடினார்கள். சடங்கு வீட்டில் நட்சத்திரம் கேட்டு முடித்ததும், ஏதாவதொரு பாட்டி பெண்ணின் அம்மா பக்கம் திரும்புவாள். "ஏண்டி, நீ எத்தனை வயசுல உக்காந்த?"