கேமரா காட்சியை கேட்டு கதவை தட்டும் பக்கத்து வீட்டுக்காரர்: கொடுக்கலாமா? கூடாதா?

திட்டக்குடி:

"அண்ணே, உங்க வீட்டு கேமராவுல பதிவாகி இருக்கும். கொஞ்சம் எடுத்து குடுங்க."

வாசலில் கண்காணிப்பு கேமரா மாட்டிய யாரும் இந்த வார்த்தையை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பைக் காணவில்லை, ஆடு காணவில்லை, நள்ளிரவில் யாரோ கல் எறிந்தார்கள் என்று அக்கம் பக்கத்தினர் வந்து நிற்பார்கள். கேட்பவர் நம்ம ஆள் என்றால் பிரச்சினை இல்லை. சாக்கடை தண்ணீருக்கும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும், வேலி ஓரத்துக்கும் தினமும் மல்லுக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்டால்தான் சிக்கல்.

கொடுத்தால் நாளைக்கு அதையே நம்ம மீது திருப்பிவிடுவாரோ என்ற பயம். கொடுக்காவிட்டால் "திருடனுக்கு துணை போறான்" என்று தெரு முழுக்க பேச்சு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "கேமரா ரிப்பேர்" என்று பொய் சொல்லி கதவை சாத்துபவர்கள்தான் அதிகம். அந்த பொய்யே பிறகு வினையாகி விடுகிறது.

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பகுதிகளில் ஒரு காலத்தில் நகைக்கடையிலும் பேங்கிலும் மட்டுமே இருந்த கேமரா இப்போது சாதாரண வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. புருஷன் செராமிக் கம்பெனிக்கு ஷிப்டுக்கு போனால் வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு செல்போனில் அம்மா அப்பாவை பார்த்துக்கொள்கிறான். கேமரா மாட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. காட்சியை யாருக்கு, எப்படி கொடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பக்கத்து வீட்டுக்காரர் வாயால் கேட்டார் என்பதற்காக காட்சியை கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2023-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டமும், ஒருவர் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் தகவலுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆகவே "குடுக்க முடியாது" என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

ஆனால் போலீசார் கேட்டால் கதை வேறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-வது பிரிவின் கீழ், விசாரணைக்கு தேவையான பொருளையோ பதிவையோ ஒப்படைக்கும்படி போலீஸ் நிலைய பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிடலாம். கோர்ட்டும் சம்மன் அனுப்பலாம். அப்போது மறுக்க முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டிலோ விசாரணையிலோ சாட்சியாக கேட்கக்கூடிய பதிவை, அது வெளியே வந்துவிட கூடாது என்ற எண்ணத்தில் அழித்தால் அது தனி குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 241-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். "எதுக்கு வம்பு, அழிச்சிடலாம்" என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

தானாகவே அழியும்

வேண்டுமென்றே அழிக்காவிட்டாலும் காட்சி தானாகவே அழிந்துவிடும். டி.வி.ஆர். பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மீதே புதிய பதிவு ஏறும். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு சுமார் 21 ஜி.பி. இடம் பிடிக்கும். 4 கேமரா என்றால் 86 ஜி.பி. அப்படி பார்த்தால் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் 11 நாள் பதிவுதான் நிற்கும். மெமரி கார்டு போட்ட சின்ன கேமராவில் அதுவும் கிடையாது, மூன்று நாலு நாளில் போய்விடும்.

பஞ்சாயத்து பேசி, சமாதானம் ஆகாமல், ஸ்டேஷனுக்கு போய் மனு ரசீது வாங்குவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. போலீசார் வந்து பார்க்கும்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது. "நீதான் அழிச்சிட்டே" என்று பக்கத்து வீட்டுக்காரர் பாய்வார்.

எனவே, கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை பிறகு எடுக்கலாம். கேட்ட அன்றே அந்த நேரத்து பதிவை பென் டிரைவில் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சம்பவத்துக்கு அரை மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து எடுப்பது நல்லது. பாதியை வெட்டி எடுத்தால் பாக்கியை மறைத்ததாக சந்தேகம் வரும். பெட்டியில் உள்ள கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பார்த்து குறித்துக்கொள்ளவும். பல வீடுகளில் அது 10 நிமிடம், ஏன் ஒரு நாள் கூட தப்பாக ஓடிக்கொண்டிருக்கும். மாட்டிய நாளோடு சரி, அப்புறம் யார் பார்க்கிறார்கள்?

காட்சியால் கிடைத்த துப்பு

கேமரா காட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2016-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி சென்னை நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் நடந்த சுவாதி கொலை காட்டியது. காலை நேரத்தில், பயணிகள் நிற்கும்போதே கொலை நடந்தது. ரெயில் நிலையத்தில் கேமரா இல்லை. சுற்றியுள்ள தெருக்களில் தனியார் மாட்டியிருந்த கேமராக்களில் பதிவான வாலிபரின் உருவத்தை வைத்துத்தான் போலீசார் தேடுதல் வேட்டை நடத்தினர்.

பக்கத்து வீட்டு தகராறிலும் காட்சி பேசியிருக்கிறது. 2020 ஜூலையில் சென்னை நங்கநல்லூர் அடுக்குமாடி குடியிருப்பு ஒன்றில் கார் நிறுத்தும் இடம் தொடர்பாக பிரச்சினை. தனியாக வசித்த 62 வயது பெண்ணின் வீட்டு வாசலில், அதே குடியிருப்பை சேர்ந்த டாக்டர் ஒருவர் சிறுநீர் கழித்ததாக ஆதம்பாக்கம் போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. அந்த டாக்டர் ஒரு மாணவர் அமைப்பின் தேசிய தலைவராகவும் இருந்தவர். புகாருடன் கேமரா காட்சியும் ஒப்படைக்கப்பட்டது. காட்சியே போலி என்று அவரது தரப்பில் மறுப்பு வந்தது. 2022 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார்.

"போலி" என்ற பேச்சு எந்த காட்சிக்கும் வரும். அதனால்தான் பதிவு எந்த பெட்டியில் இருந்து, யார் எடுத்து, யார் கையில் போனது என்பது முக்கியமாகிறது. 2020 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பின்படி, பிரதி எடுத்து கொடுத்தால் அதனுடன் சான்றிதழ் கட்டாயம். அசல் பெட்டியையே கோர்ட்டில் ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள புதிய சாட்சிய சட்டத்திலும் 63-வது பிரிவில் இந்த சான்றிதழ் இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் பெட்டியை வைத்திருப்பவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்து போடவேண்டும்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனுக்கு வாட்ஸ்-அப்பில் தட்டிவிட்ட வீடியோ கோர்ட்டில் லேசில் எடுபடாது. ஊருக்குள் பரவ மட்டும்தான் உதவும்.

எதற்கு கேட்கிறார்?

பரவினால் என்ன ஆகும்? இதுதான் பலரும் யோசிக்காத விஷயம். வாசல் கேமராவில் திருடன் மட்டும் விழுவதில்லை. தெருவில் போகிற வருகிற எல்லோரும் விழுகிறார்கள். எதிர் வீட்டு பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யார் பைக்கில் ஏறினாள், யாரோடு நின்று பேசினாள் என்பதெல்லாம் பதிவாகிறது. "பைக்கை இடிச்சிட்டாங்க, பார்க்கணும்" என்று கேட்பவர் உண்மையில் பைக்கைத்தான் பார்க்கப்போகிறாரா என்பதை காட்சியை கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையை இந்த பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. சாதி மறுத்து ரகசியமாக பதிவு திருமணம் செய்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் 2003 ஜூலையில் விஷம் கொடுத்து கொல்லப்பட்டனர். முருகேசன் எங்கே இருக்கிறார் என்பதை அவரது குடும்பத்தினரை சித்ரவதை செய்து தெரிந்துகொண்டார்கள். 2021-ல் கடலூர் கோர்ட்டு 13 பேருக்கு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் ஐகோர்ட்டு 2 பேரை விடுவித்து மற்றவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. அந்த தீர்ப்பை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது.

அன்று ஒருவரை அடித்து கேட்ட தகவலை இன்று ஒரு கேமரா பெட்டி அரை நிமிடத்தில் சொல்லிவிடும். கொடுத்தவருக்கு, தான் என்ன கொடுத்தோம் என்பதே தெரியாமல் போகலாம்.

பெண்ணையோ பிள்ளையையோ பற்றி விசாரிக்க யார் வந்து கேட்டாலும், அப்பாவாகவே இருந்தாலும், "காணவில்லை என்றால் போலீசில் சொல்லுங்க, அவங்க வந்து கேட்டா தரேன்" என்று சொல்வதுதான் சரி. உண்மையில் ஆபத்து என்றால் போலீசார் உடனே வருவார்கள். வேறு நோக்கம் என்றால் கேட்டவர் திரும்ப வரமாட்டார்.

கொடுத்தவரே மாட்டும் கதை

முரண்டு பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காட்சியை வாங்கியதும் முதலில் பார்ப்பது, கேமரா எந்த பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான். தன் வீட்டு கொல்லையும், துணி காயும் கொடியும், ஜன்னலும் அதில் தெரிந்தால் போதும். திருட்டு புகார் போய், "எங்க வீட்டு பொம்பளைங்களை படம் பிடிக்கிறான்" என்ற புகார் வந்து நிற்கும். நாம் கொடுத்த காட்சியே அதற்கு ஆதாரம்.

இது சும்மா பேச்சு இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பு கூறினர். பாதுகாப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டை எட்டிப்பார்க்க கேமரா வைக்க முடியாது என்று 2023-ல் கேரள ஐகோர்ட்டு சொன்னது. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த அண்ணன், தம்பி இடையே கேமரா தகராறு. உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதியில் கேமராவை இயக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் கொல்கத்தா ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதில் தலையிட மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. பொது சுவரும் பொது முற்றமுமாக பங்காளிகள் சேர்ந்து வாழும் நம்ம ஊர் வீடுகளுக்கு இந்த தீர்ப்பு ரொம்பவே பொருந்தும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே, கார் திருட வந்தவர்களுக்கு பயந்து ஒருவர் வீட்டை சுற்றி கேமரா மாட்டினார். காட்சி அவரது போனுக்கு போவதை அறிந்த பக்கத்து வீட்டு பெண் டாக்டர் கோர்ட்டுக்கு போனார். 2021 அக்டோபரில் தீர்ப்பு அவருக்கு சாதகமாக வந்தது. படத்தைவிட, தூரத்து பேச்சையும் இழுத்து பதிவு செய்யும் மைக்தான் மோசம் என்று நீதிபதி குறிப்பிட்டார். அந்த ஊர் சட்டம் வேறு. ஆனால் நம்ம ஊர் கேமராக்களிலும் இப்போது மைக் வருகிறது, பலருக்கு அது ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது. செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடலாம்.

பெண் தனிமையில் இருக்கும்போது படம் பிடித்தாலோ, பரப்பினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவில் முதல் முறைக்கே 1 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை ஜெயில். அந்தரங்க உறுப்பு தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். "கேமரா கடைக்காரர்தான் அப்படி மாட்டிட்டு போனார்" என்று தப்பிக்க முடியாது.

ஆகவே காட்சி கேட்டு ஆள் வருவதற்கு முன்பே கேமராவை தன் வாசல், தன் வண்டி, தன் கேட் மட்டும் தெரியும்படி இறக்கி திருப்பிவிட வேண்டும். திருப்ப வழியில்லை என்றால், பக்கத்து வீடு தெரியும் இடத்தை மட்டும் கருப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. மாட்டியவரை கூப்பிட்டு சொன்னால் ஐந்து நிமிட வேலை.

எப்படி கொடுப்பது?

கேட்டவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று தெரிந்தால், வீட்டுக்கு கூப்பிட்டு அந்த நேரத்து காட்சியை மட்டும் காட்டலாம். பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருப்பது நல்லது. திரையை செல்போனில் படம் பிடிக்க விடக்கூடாது. காட்சியை பார்த்த பிறகு, "போலீசில் புகார் கொடுங்க, அவங்ககிட்ட குடுக்கிறேன். அழியாம எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிடலாம். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அதையே ஒரு பேப்பரில் தேதி போட்டு எழுதி கொடுத்துவிட்டால், "மறைச்சிட்டான்" என்ற பழி வராது.

போலீசாரிடம் கொடுக்கும்போது எந்த தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த கேமரா என்று எழுதி, பெற்றுக்கொண்டதாக கையெழுத்து வாங்கவேண்டும். பெட்டியையே எடுத்துச்சென்றால் பறிமுதல் மகஜர் நகலை கேட்டு வாங்கவும்.

"ஆப்"பின் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஒருமுறை பார்க்கட்டும் என்று கொடுத்தால், அவர் தினமும் உங்கள் வீட்டை பார்த்துக்கொண்டிருப்பார். கம்பெனி போட்டுக்கொடுத்த பழைய பாஸ்வேர்டையே வைத்திருப்பதும் ஆபத்து. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் பெண்கள் பரிசோதனை அறை காட்சிகள் திருடப்பட்டு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. எளிதில் யூகிக்கக்கூடிய பாஸ்வேர்டு அதற்கு வழிவிட்டது.

ஏற்கனவே காட்சியை கொடுத்து, அது பரவிக்கொண்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணிலோ, கடலூர் மாவட்ட சைபர் கிரைம் போலீசிலோ புகார் கொடுக்கலாம். கேமரா கோணம் பற்றிய தகராறு என்றால் வக்கீல் வைத்து வழக்கு போடும் முன் திட்டக்குடி வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து இரு தரப்பையும் அழைத்து பேச வைக்க முடியும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கு சட்ட உதவி இலவசம்.