துருவினுள் ஓர் எண்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில், பழைய கார்களைத் திருத்தும் நண்பரொருவரின் பட்டறையிலே அந்த எம். ஜி. 'ரீ. சீ.' காரைக் கண்டேன். 1945 தொடக்கம் 1949 வரை அவ்வூர்த் தொழிற்சாலை இவ்வகையில் ஏறத்தாழ 10,000 கார்களை ஆக்கியது. வரிசை எண் 251இலே ஆரம்பம். அது தொழிற்சாலையின் தொலைபேசி எண்ணாம்!

பின்வந்த 'ரீ. டீ.' அன்று என்பதை 19 அங்குலக் கம்பிச் சில்லுகளே கூறின. ஆயினும், தகட்டையும் எஞ்சினையும் எவரும் மாற்றலாம். அடிச்சட்டத்திற் பொறித்த எண்ணையே நண்பர் நம்புவார். துருவைச் சுரண்ட நான் அரத்தை நீட்டினேன், பதறிவிட்டார். எண் அழிந்தால் காரின் பிறப்பே அழிந்துவிடுமன்றோ?

எண்ணெயும் துணியுமாக ஒரு மணி நேரம். எண் தெரிந்தது, தகட்டிலிருந்த எண் அதுவன்று.

சேமிப்பையெல்லாம் கொட்டி அக்காரை வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நண்பர் அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினார். கண்ட எண்ணையே எழுதினார்.